விளக்குக் கம்பி

பெயரும் வீட்டு முகவரியும் மேலே எழுதியபடி. வயது நாற்பத்து நான்கு. பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன்.

அன்று காலை முதல் வேலையாக மகளின் கல்யாண உடுப்புக்கு இஸ்திரி போட்டேன். அதன் பிறகு, பீடத்தில் பூ வைக்கும் இடத்தை அளக்க எங்கள் பழைய பங்குக் கோயிலுக்குப் போனேன். அங்கே கோயில் கமிட்டித் தலைவரான என் அண்ணனும், அவர் வரவழைத்திருந்த வெல்டரும், மணியடித்துப் பெருக்கும் கோயில்பிள்ளையும் இருந்தார்கள்.

கோயிலின் கூரை செங்கல்லும் சுண்ணாம்புமாக வளைத்துக் கட்டியது; நடுவில் தூண் கிடையாது. வளைவுக்குக் கீழே, சுவருக்குச் சுவர் குறுக்காக மூன்று இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் எண்ணெய் விளக்குகள் தொங்கியதால் அவற்றுக்கு விளக்குக் கம்பி என்று பெயர். அவற்றின் முனைகள் வெளிச்சுவரில் சிலுவை வடிவ இரும்புகளில் முடிகின்றன. அந்தச் சிலுவைகள் அழகுக்கு வைத்தவை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

கல்யாணப் படங்களில் கம்பி குறுக்கே விழும் என்று படமெடுப்பவர் சொல்லியிருந்தாராம். "விளக்கே போயாச்சு, கம்பி மட்டும் எதுக்கு? எடுத்துடு" என்று அண்ணன் என் காதுபட வெல்டரிடம் சொன்னார். சாரத்தில் ஏறிய வெல்டர், "அக்கா, மிச்ச இரும்புல பொண்ணுக்கு ஒரு ஜோடி தோடு அடிச்சுத் தரவா?" என்று கேட்டார். "போட்டா காதும் சேர்ந்து கழண்டு வந்துடும்" என்றேன். கோயில்பிள்ளை சிரித்தார்.

முதல் கம்பியை அறுத்ததும் வெடி போட்டது போல் சத்தம் கேட்டது. அறுந்த முனைகள் கை நுழையும் அளவுக்கு விலகி நின்றன. வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு, "அண்ணே, இது சும்மா தொங்கலை. சுவத்தை இழுத்துப் பிடிச்சிருக்கு" என்றார். "சூட்டுல இரும்பு அப்படித்தான்டா. கதை அளக்காம அடுத்ததை அறு" என்றார் அண்ணன். அதன் பிறகு வெல்டர் இரண்டாவதையும் அறுத்துவிட்டுக் கீழே இறங்கினார். என் தோளில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. தட்டிவிட்டேன். தரையிலும் விழுந்திருந்ததைப் பார்த்த கோயில்பிள்ளை, "கல்யாணக் கோயில் கிடக்கிற லட்சணமா இது" என்று துடைப்பத்தோடு நடுவே போனார். கூரை அங்கேதான் விழுந்தது. அவரைக் கூப்பிட்டேனா என்பது நினைவில்லை. புழுதி அடங்கிய பிறகு துடைப்பத்தின் கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. மேலே வானம் நல்ல நீலமாக இருந்தது. மூன்றாவது கம்பியும் அதன் மேலுள்ள கூரையும் அப்படியே நிற்கின்றன.

அதன் பிறகு, கோயில்பிள்ளையின் உடலைக் கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "வெல்டர் தன் இஷ்டத்துக்கு அறுத்தான்னு சொல்லிடு. உன் பொண்ணு கல்யாணத்தை நெனச்சுப் பாரு" என்றார். வெல்டர் இப்போது இந்த நிலையத்து லாக்கப்பில் இருக்கிறார். அறுக்கச் சொன்னது என் அண்ணன். வெல்டர் நிறுத்திய பிறகு மறுபடி அறுக்கச் சொன்னதும் என் அண்ணன்தான்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணன் வெளியே காரில் எனக்காகக் காத்திருக்கிறார். நான் அதில் ஏறப்போவதில்லை. இங்கிருந்து கோயில்பிள்ளையின் வீட்டுக்கு நடந்தே போய், அறுக்கச் சொன்னது யார் என்று அவர் மனைவியிடம் நானே சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, என் மகளிடம்கூட.

(கையெழுத்து)