சாதாரணக் கண்ணாடி

உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தவருக்கு ஒரு சபாஷ், ஐயா. ஓரத்தில்கூட ஒரு கோடு இல்லை. இந்த வேலையில் எனக்கும் கைப்பழக்கம் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

சகலை எப்படிச் செத்தார் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். அவரும் நானும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்காள் அவருக்கு, தங்கை எனக்கு. வேலையும் ஒரே தொழிற்சாலையில்தான். அவர் மெத்தனால் பம்பு அறைக்கு மேற்பார்வையாளர். நான் அங்கே சென்சார்களைப் பராமரிப்பவன்.

மெத்தனால் ஒரு கள்ளத்தனமான சரக்கு. பகல் வெளிச்சத்தில் அது எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, மஞ்சள் கொழுந்து கிடையாது. ஆனால் புற ஊதா ஒளி கிளம்பும். அது நம் கண்ணுக்கு எட்டாது, சுவரில் நான் மாட்டிய சென்சாருக்கு எட்டும். உடனே சங்கு ஊதும், நுரை கொட்டும், நெருப்பு அணைந்துவிடும். பிறகு வந்து பார்க்கிறவர்களுக்கு நுரையில் நனைந்த ஆட்கள் மட்டும்தான் தெரிவார்கள்.

சகலையின் வாய்க்கு இது நல்ல தீனி. “நம்ம சகலை கண்ணுக்குத் தெரியாத நெருப்பை அணைக்கிறாரு. சம்பளம் மட்டும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வாங்கிக்கிறாரு” என்று மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எடுத்துவிடுவார். மாமியாருக்குப் புரையேறும். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் சிரிப்பேன். கேலியை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். எந்தெந்த விருந்தில் அதைச் சொன்னார், யார் முதலில் சிரித்தார்கள், மைத்துனன் எந்தப் பக்கம் சாய்ந்து சிரித்தான் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அது வேறு விஷயம், எனக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி அதிகம்.

போன மாதம் அதே மேஜையில் அவரே கேட்டார்.

“சகலை, உங்க சென்சார் பெட்டி மேல கொஞ்சம் தூசி படிஞ்சாக்கூட கத்துது. ஒரு கண்ணாடியைப் போட்டு மூடிடுங்களேன்.”

“போட்டுட்டாப் போச்சு” என்றேன்.

மறுநாளே போட்டேன். நல்ல ஜன்னல் கண்ணாடி. அந்தப் புற ஊதா ஒளி குவார்ட்ஸ் படிகத்தைத் தாண்டி வரும், ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. என் தொழிலில் அது அரிச்சுவடி. ஆனால் அவர் குவார்ட்ஸ் என்று கேட்கவில்லையே, கண்ணாடி என்றுதானே கேட்டார். தினமும் காலையில் அதைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். சங்கு ஊதவே இல்லை. சகலைக்கு ஒரே சந்தோஷம், பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பாராட்டினார்.

நெருப்பை நான் வைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பம்பு அவ்வப்போது கசியும், எப்போதாவது பற்றிக்கொள்ளும். நான் பொறுமைசாலி.

அன்று மதியம் அறை வாசலில் வெப்பக் கேமராவோடு நின்றிருந்தேன். அதற்கு அகச்சிவப்பு ஒளி தெரியும். வெறும் கண்ணால் பார்த்தால் பம்பும் காலித் தரையும்தான். கேமராவில் பார்த்தால் பம்பைச் சுற்றி இடுப்பளவுக்கு வெள்ளை, விளிம்பில் ஆரஞ்சு. அழகாக இருந்தது, ஐயா. பொய் சொல்ல மாட்டேன். அந்த நெருப்புக்கு வெக்கையும் குறைவு, வாசல் வரை உறைக்கவில்லை. பின்னாலிருந்து சகலை வந்தார்.

“என்ன சகலை, இன்னைக்காவது ஏதாச்சும் தெரியுதா?”

“ஒண்ணுமே இல்ல. நீங்க உள்ள போங்க” என்றேன்.

சிரித்துக்கொண்டே என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனார். கடைசிவரை கலகலப்பான மனிதர். சங்கை ஒலிக்கவிடும் பொத்தான் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அழுத்தவும் செய்தேன். அவர் சத்தம் அடங்கிய பிறகு அழுத்தினேன்.

ஆக, கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன். ஆனால் பகை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். கண்ணாடி வெட்டுகிறவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். சகலை கேட்பதற்கு வெகுநாள் முன்பே அளவு கொடுத்து வெட்டி வாங்கி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல்.