என் மகளின் சம்பளத்துக்கு ஒரு வரம்பு

இந்த அவையைக் கண்ணசைவிலேயே அடக்கி ஆளும் தலைவர், நூலகரம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட வழக்கறிஞர் தம்பி அவர்களே, ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கிய தாய்மார்களே, என்னிடம் கணக்குப் படித்தும் என்மேல் கோபம் ஆறிப்போன மாணவச் செல்வங்களே, நான்காவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என் மகளே, உங்கள் அனைவருக்கும் என் கனிந்த வணக்கம்.

உச்சத்தில் இருப்பவர்களின் சம்பளத்துக்கு அரசாங்கம் வரம்பு கட்டலாமா? இதுதான் இன்றைய தலைப்பு. போன மாதம் இந்த அழைப்பிதழைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் மகள் படித்துவிட்டாள். குழாய் தயாரிக்கும் பெரிய கம்பெனிக்கு அவள் நிர்வாக இயக்குநர். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்பா, என் சம்பளத்துக்கு அரசாங்கம் பூட்டு போட்டா நீங்க கை தட்டுவீங்களா?"

நாற்பது ஆண்டுகள் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அன்று நானே மாட்டிக்கொண்டேன். ஆம் என்றால் பெற்ற மகளின் மனம் நோகும். இல்லை என்றால் என் மனமே என்னை நோகடிக்கும். "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று என் மனைவி காப்பாற்றினாள்.

சிரிக்கிறீர்கள். ஆனால் என் மகள் சும்மா சம்பளம் வாங்குகிறவள் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். மூடும் நிலையில் இருந்த கம்பெனி அது. மூன்று ஆண்டுகள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடி, இரண்டாயிரம் பேரின் வேலையைக் காப்பாற்றினாள். அந்த மூன்று ஆண்டுகளில் அவள் தலை நரைத்ததை எண்ணிப் பார்த்தவன் நான். உழைப்பு உண்மை. திறமை உண்மை. என் கேள்வி அதைப் பற்றியது அல்ல.

அடுத்த வாரம் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் அலுவலகம் போனேன். உள்ளே கூட்டம் நடந்தது. வெளியே ஓர் அம்மா கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடத்தோட அப்பாவா சார்? அதே மூக்கு."

"மூக்கு மட்டும்தாம்மா என்னுது. கோபம் அவங்க அம்மாவுது."

"மேடம் தங்கம் சார். ரெண்டு நாள் காய்ச்சல்ல வரலேன்னு போன் பண்ணிக் கேட்டாங்க."

"சம்பளம் எவ்வளவும்மா வருது?"

கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேன் சார். அது மேடம் கையில இல்லியாம். கான்ட்ராக்ட்காரர் கையிலயாம். அவரைக் கேட்டா, கம்பெனி கொடுக்கறதுதானேங்கறாரு" என்றார்.

கணக்கு வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா? கூட்டம் முடிந்து மகளோடு காரில் வீட்டுக்கு வரும்போது மனக்கணக்குப் போட்டேன். என் மகள் ஓராண்டில் வாங்குவதை அந்த அம்மா வாங்க வேண்டுமானால், நூற்று நாற்பது ஆண்டுகள் கண்ணாடி துடைக்க வேண்டும். அதாவது, தன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே வேலையில் சேர்ந்திருக்க வேண்டும்.

மகளிடம் சொன்னேன். "என் சம்பளமும் என் கையில இல்லப்பா. கமிட்டி போடுது" என்றாள்.

"கமிட்டியில யாரு?"

"மத்த கம்பெனித் தலைவருங்க மூணு பேர்."

"அவங்க சம்பளத்தை யாரு போடறாங்க?"

"அங்க ஒரு கமிட்டி இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணுல நானும் இருக்கேன்."

நண்பர்களே, ஒரு முறை வகுப்பில் நான் ஒரு தவறு செய்தேன். தலைமை ஆசிரியர் கூப்பிட்டார் என்று, மூன்று மாணவர்களின் விடைத்தாள்களை அவர்களையே மாற்றி மாற்றித் திருத்தச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் மூவருக்கும் நூற்றுக்கு நூறு. ஒருவன் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதியிருந்தான். அதற்கும் முழு மதிப்பெண். அதைத் திருத்தியவனிடம் "ஏன்டா?" என்றேன். "பாவம் சார், அவன்கிட்டதான் என் பேப்பர் இருக்கு" என்றான். பிள்ளைகள் கெட்டவர்களா? இல்லை. அறையில் நான் இல்லை, அவ்வளவுதான்.

துடைப்பவரின் சம்பளம் மேடம் கையில் இல்லை. மேடத்தின் சம்பளம் மேடம் கையில் இல்லை. கான்ட்ராக்ட்காரர் கையில் இல்லை, கமிட்டி கையில் இல்லை, அப்படியானால் அது யார் கையில்தான் இருக்கிறது? யார் கையிலும் இல்லாததை எடுத்து நிறுத்த ஒரு கை வேண்டாமா? அந்தக் கை அரசாங்கத்தின் கையாக இருக்கட்டும் என்கிறேன். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப்போல் இத்தனை மடங்குதான் வாங்கலாம் என்று சட்டம் சொல்லட்டும். மேலே ஏற ஆசையா? தாராளமாக ஏறுங்கள், கீழே இருப்பவரையும் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்.

வரம்பு கட்டினால் திறமைசாலி அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுவாரே என்று வழக்கறிஞர் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஒரு கம்பெனி மட்டும் கட்டினால் ஓடுவார். எல்லாக் கம்பெனிக்கும் சட்டம் ஒன்றானால் எங்கே ஓடுவார்? "வெளிநாட்டுக்கு" என்று அங்கே யாரோ சொல்கிறீர்கள். சிலர் போவார்கள் ஐயா, மறுக்கவில்லை. போகாதவர்களை நம்பித்தானே இத்தனை காலம் நாம் வாழ்ந்திருக்கிறோம்?

அன்று காரில் மகளிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "உன் கதவைத் துடைக்கிற அம்மாவுக்கு என்ன சம்பளம்னு தெரியுமா?" ஒரு திருகாணியின் விலையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகவே பேசவில்லை. இந்த மேடையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நேற்று அவளே வந்தாள். "திங்கட்கிழமை கமிட்டிப்பா. எனக்கு உயர்வு வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் மகான் இல்ல. ஆனா அந்தம்மா சம்பளத்தை முதல்ல படிச்சுட்டு, அப்புறம் என்னுதைப் பேசுங்கன்னு சொல்லப்போறேன். நீங்க மேடையில பேசுங்க. நானும் வரேன்."

கை தட்டுகிறீர்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன் மகளே, நீ கேட்டதற்குப் பதிலாகவே சொல்கிறேன். நல்ல மனம் உள்ளவர் தலைவராக வந்தால்தான் ஒருவருக்கு நியாயமான கூலி கிடைக்கும் என்றால், அதற்குப் பெயர் நியாயம் அல்ல, அதிர்ஷ்டம். சட்டம் வரட்டும். வருகிற அன்று நான் கை தட்டுவேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, மீதியுள்ள கையால் மேஜையைத் தட்டுவேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியடிக்காமல் விட்ட தலைவரம்மாவுக்கும் நன்றியும் வணக்கமும். வாத்தியார் வீட்டுப்பாடம் தராமல் இறங்க மாட்டான். நாளைக் காலை வேலைக்குப் போனதும், அங்கே எல்லாரையும்விடக் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவரிடம் போய், எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள்.