பொட்டுவின் முளைத்தட்டுகள்

மக்காச்சோளம் முளைகட்டுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, டாக்டரம்மா. சொன்னால் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நீங்களே செய்துவிடுவீர்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து ஈரச்சாக்கில் கட்டிவைத்தால் மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். அதைப் பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, நிழலில் அடுக்கி, வேளா வேளைக்குத் தண்ணீர் தெளித்துவந்தால் ஒரு வாரத்தில் தட்டு முழுக்கப் பச்சை நிற்கும். அடியில் வேர் பின்னிக்கொண்டு கால்மிதி போல ஒரே துண்டாக எழும்பும். அப்படியே சுருட்டிக் குதிரைக்கு வைக்க வேண்டியதுதான். கோடையில் எங்கள் நாமக்கல் பக்கம் பச்சைப்புல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. குதிரை வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இந்த முளைத்தீவனம்தான் கை கொடுக்கும்.

நீங்கள் கேட்டது இதை இல்லை, தெரியும். என் மகள் இனியா ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள், சோற்றை ஏன் கழுவிக் கழுவிப் பார்க்கிறாள், இட்லியைப் பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஏன் காட்டிப் பார்க்கிறாள் என்று கேட்டீர்கள். வீட்டில் ஏதாவது நடந்ததா என்றும் கேட்டீர்கள். மாடி வார்டில் டிரிப்ஸ் ஏற்றிப் படுக்கவைத்திருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் சேலம் வரைக்கும் வந்தபிறகு எதற்கு மறைப்பது என்று சொல்ல வந்தேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள், போதும்.

என் பேர் குழந்தைவேல். நான் கோழிக்காரன். முட்டைக்கோழிப் பண்ணை வைத்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. மக்காச்சோள லோடு வந்தால் லாரி மேல் ஏறி நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பேன். கடிபடுகிற சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஒரு கை அள்ளி முகர்ந்தால் பூசணம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பூசணம் பிடித்த சோளம் தீவனத்தில் சேர்ந்தால் ஒரு ஷெட்டே தலை சாய்ந்துவிடும். எங்கள் தொழிலில் மூக்கு முக்கியம். பாசத்துக்கு அங்கே இடம் கிடையாது. முட்டை குறைந்த கோழியைக் கழித்துத்தான் ஆக வேண்டும். அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவன் எவனும் பண்ணை நடத்தியதில்லை.

அந்தக் குதிரையை வாங்கிக்கொடுத்ததும் நான்தான். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தால் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் வயதுப் பிள்ளைகள் போன் கேட்கும், ஸ்கூட்டி கேட்கும். இவள் குதிரை கேட்டாள். கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை நான். அந்தியூர்ச் சந்தைக்கு அவளையே கூட்டிப் போய்ப் பிடித்துவந்தேன். செவலை நிறம், பெட்டைக் குதிரை, நெற்றியில் காசளவு வெள்ளை. பொட்டு என்று பேர் வைத்தாள். ஆறு மாதத்தில் சலித்துப்போகும் என்று நினைத்தேன். சலிக்கவில்லை. விடிந்தால் லாயம், பள்ளிக்கூடம் விட்டால் லாயம். காலியாகக் கிடந்த குஞ்சு ஷெட்டில் அலமாரி அடித்து முளைத்தட்டு போட ஆரம்பித்தாள். விதையை உப்புத்தண்ணீரில் அலசுவாள். தட்டுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைப்பாள். ஜன்னலைத் திறந்து காற்று ஓடவிடுவாள். குறை சொல்ல முடியாத வேலை. என் பண்ணையாட்களுக்கு அதில் பாதி சுத்தம் வராது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோதுதான் சிக்கல். நல்ல மார்க். நீட்டில் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதனால் ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் ஒரு வருஷம் கோச்சிங் ஹாஸ்டலில் போட்டு மறுபடி எழுதவைப்பது சாதாரணம். என் பங்காளி அர்த்தநாரி மகன் இரண்டு தடவை எழுதித்தான் எம்.பி.பி.எஸ். சேர்ந்தான். அவன் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போட்ட எழுத்துகளைப் பார்த்தபோது, என் மகள் பேருக்குப் பின்னாலும் அது வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பரமத்தி ரோட்டில் அவளுக்கென்று ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளம் கட்டி முடித்து, கார் வந்து நிற்கப் போர்ட்டிகோவும் போட்டாயிற்று. பேர்ப்பலகை மாட்டத்தான் பாக்கி.

அவள் வந்து வேறு சொன்னாள். “அப்பா, பிளஸ் டூ மார்க்குக்கே கால்நடை டாக்டர் சீட் கெடைக்குமுங்க. காலேஜ் நம்ம நாமக்கல்லுலயே இருக்குது. ஊட்டுல இருந்தே போயிட்டு வாரேனுங்க. பொட்டுவையும் நானே பாத்துக்குவேன்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். விண்ணப்பம் போடுவதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தாள். மாட்டு டாக்டராகப் போகிறேன் என்று பெற்றவன் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொல்கிறது பிள்ளை. நான் அவளைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. பார்க்கலாம் சாமி என்று மட்டும் சொன்னேன்.

குதிரையை விற்றுவிடலாம் என்று முதலில் யோசித்தேன். விற்றால் என்ன ஆகும்? எங்கே விற்றேன் என்று தேடிப் போவாள். என்னோடு பேசமாட்டாள். ஆங்காரத்துக்காகவே மாட்டு டாக்டருக்குப் படிப்பாள். நான் கண்டிப்பாக வேண்டாம் என்று மறித்தாலும் அதே கதைதான். யார் மறித்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் போகும். தானாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தன்னால் ஒரு உயிரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவளுக்கே தோன்ற வேண்டும். நிதானமாக உட்கார்ந்து யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். கோபத்தில் எதையும் செய்கிறவன் இல்லை நான்.

அந்த மாதம் வந்த லோடில் மழையில் நனைந்து கெட்டுப்போன மூட்டைகள் கொஞ்சம் இருந்தன. கோழிக்கு ஆகாது என்று ஒதுக்கிக் குழியில் கொட்டச் சொல்லியிருந்தேன். அதில் ஒன்றை எடுத்துப்போய் இனியாவின் விதைச்சாக்கில் கலந்துவிட்டேன். ஜன்னலுக்குச் சாக்குப்படுதா கட்டு சாமி, வெயில் காற்றில் முளை வாடுகிறது என்று அவளிடம் சொன்னேன். அப்பா சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது, அன்றைக்கே கட்டிவிட்டாள். அடுத்த தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முளைவிட்ட வேரில் பஞ்சுபோல மெல்லிய முடி இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது பூசணம் போலவே தெரியும். தண்ணீர் தெளித்தால் வேர்முடி படிந்துவிடும், பூசணம் நிற்கும். இனியாவுக்கு இது தெரியும். தெளித்துப் பார்த்திருக்கிறாள். சந்தேகம் வந்து தட்டோடு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, இது வேர்முடிங்களா, பூசணமுங்களா? தண்ணி தெளிச்சும் படிய மாட்டீங்குது. கொட்டிப்போடட்டுங்களா?”

நான் தட்டை வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். ஒரு பிடி பிய்த்து வாயில் போட்டு, லோடு பார்ப்பது போலவே மென்று, விழுங்கியும் காட்டினேன். கசந்தது. முகத்தைச் சுளிக்கவில்லை.

“வேர்முடிதான் சாமி. சோளத்தோடவே கெடக்கறவன் சொல்றேன். போடு, போடு,” என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் மூக்கு தப்பாது என்று ஊரே சொல்கிறபோது பெற்ற மகள் நம்பாமல் இருப்பாளா?

இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பொட்டு தள்ளாட ஆரம்பித்தது. தீவனத் தொட்டி இருக்கும் இடம் தெரியாமல் முட்டிக்கொண்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் லாயத்துச் சுவரில் நெற்றியை வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் வருவதில்லை, மறுபடி மறுபடி சுவரிலேயே போய்த் தலையை அழுத்துகிறது. நெற்றி வெள்ளையில் தோல் உரிந்து ரத்தம். இனியா சுவருக்கும் அதன் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கஞ்சியைத் தொடவில்லை, தவிட்டைத் தொடவில்லை என்று முளைப்பச்சையைக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குள் வைத்து ஊட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம்தான். அந்த நேரத்தில் சொன்னால் செய்தது அத்தனையும் வீணாகியிருக்கும்.

பாவம்தான், அந்தக் குதிரை எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டால் கனைக்கும்.

கால்நடை டாக்டர் ரமேஷ்குமார் வந்து சேர்ந்தபோது அது கீழே விழுந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அவர் தட்டைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், கீழே எறிந்தார். யார் போட்டது என்று கேட்டார். இனியா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். “நானுங்க,” என்றாள். அப்பாதான் சொன்னார் என்று அவள் வாயிலிருந்து வரவில்லை.

“பூசணம் புடிச்ச மக்காச்சோளம் குதிரை மூளையவே கரைச்சுப்போடும். இதுகூடத் தெரியாம நீயெல்லாம் எதுக்கும்மா குதிரை வளத்தற?” அவர் அப்படிக் கேட்டபோது எனக்கே சங்கடமாக இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். பொட்டு மத்தியானம் வரை இழுத்துக்கொண்டு கிடந்து செத்தது. தென்னைக்கு நடுவில் குழி வெட்டிப் புதைத்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் என்னிடம் வந்து நின்றாள். ஏதோ கேட்க வந்தாள் என்று தெரிந்தது. அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். நான் பார்த்தது அந்த ஒரு தட்டைத்தான் சாமி, மீதித் தட்டையெல்லாம் நீதானே பார்த்திருக்க வேண்டும் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டு. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “ஆமாங்கப்பா, நாந்தான் பாத்திருக்கோணும்,” என்றாள். உள்ளே போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். அந்தக் கால்நடைக் கல்லூரி விண்ணப்பத்தை அவளே கிழித்துப் போட்டாள். நான் கிழிக்கச் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஹாஸ்டலில் சேர்ந்தாள். மாதிரித் தேர்வில் முதல் வரிசையில் வந்துகொண்டிருந்தாள், தெரியுமா? உயிரியலில் அவள்தான் முதல். போன வாரம் பரீட்சை ஹாலில் மயங்கி விழுகிறவரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. உடம்பு இந்த அளவுக்கு இளைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தப்பிவிட்டது.

என் கையால்தான் செத்தது, என் கையால்தான் செத்தது என்று தூக்கத்திலும் சொல்கிறாள் என்றீர்கள். அது அவள் தப்பு இல்லை என்று யாராவது சொல்லி அவள் நம்பிவிட்டால் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள் என்றும் சொன்னீர்கள். நான் ஒருவன் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னால் போதும். இப்போது உங்களுக்கும் அது புரிந்திருக்கும்.

என் சம்சாரம் மஞ்சுளாவுக்கும் புரிந்திருக்கிறது. நான் மூட்டையை எடுத்துப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை மாதம் வாயைத் திறக்காதவள் இன்றைக்குக் காரில் வரும்போது கேட்டாள்: “நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?” அதற்குத்தான் அவளை மாடியில் வார்டு வாசலில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே பார்க்க விடுகிற நேரத்துக்கு முன்னால் நான் இறங்கி வந்தேன். அவளுக்கும் தூக்கம் இல்லாமல் புத்தி ஒரு நிலையில் இல்லை. அவளுக்கும் ஏதாவது மாத்திரை எழுதிக்கொடுங்கள். அவள் சொல்வதை இனியா நம்பாதபடி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் சொன்னால் நம்புவாள். டாக்டர் என்றால் அவளுக்கு மரியாதை உண்டு, அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒளிக்கவில்லையே. நான்தான் செய்தேன். மூட்டையைக் கலந்தது, மென்று காட்டியது, பழியை அவள் தலையில் வைத்தது, எல்லாம் நான்தான். அவள் நன்றாக வர வேண்டும் என்று பெற்றவனைத் தவிர வேறு யார் இவ்வளவு தூரம் போவார்கள்? இப்போது போய் உண்மையைச் சொன்னால் அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவாள், வாஸ்தவம்தான். சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் மறுபடி மாட்டு டாக்டர் என்பாள். அப்புறம் அந்தக் குதிரை செத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். சோறு இறங்குகிற அளவுக்கு மட்டும் அவளைத் தேற்றிக்கொடுங்கள். அந்த நினைப்பை மட்டும் அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். மே மாதம் பரீட்சை முடியட்டும், நானே பக்கத்தில் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்த வருஷம் சீட் கிடைக்காவிட்டால், அடுத்த வருஷம் சொல்கிறேன்.