கழற்றி வைத்த பூட்ஸ்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ். என் முன் சீட்டில், காலில் மாவுக்கட்டோடு மர மில் தொழிலாளி ஒருவர்; பக்கத்தில் பூண்டு மூட்டைக்காரர்.

"பூட்ஸைக் கழட்டி வச்சிட்டுத்தாண்ணே விழுந்தேன்" என்றார் மில்காரர், பெருமையாக.

"ஏம்ப்பா கழட்டுன?"

"மரத்தூள் தட்ட ரம்ப மிஷின் மேல ஏறணும்ல. வெள்ளிக்கிழமையானா சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிடுற மிஷின். பூட்ஸ் காலோட மிதிக்கவா?"

"வழுக்கக் கூடாதுன்னுதான மொதலாளி அதை வாங்கிக் குடுத்தாரு?"

"ஆமா. வெறுங்காலு எண்ணெயில வழுக்கிருச்சு. நல்லவேளை, மிஷின் ஓடலை. சாமி காப்பாத்திருச்சு."

மூட்டைக்காரர் மாவுக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பூட்ஸு என்னாச்சு?"

"அதுக்கென்னண்ணே, ஒரு கீறல் இல்லாம புதுசாக் கெடக்கு."