தையற்காரர் நடந்த எட்டு மைல்

ஜெபசீலி: எட்டு மைலா? நேத்தும் எட்டு மைலா, கரீம் பாய்?

கரீம்: முள்ளு எங்க நின்னுச்சோ அதைத்தான் எழுதினன், சிஸ்டர். நடையை அளக்க நீங்க இடுப்புல மாட்டிக்கங்கன்னு குடுத்த மீட்டர்தான.

ஜெபசீலி: பதினஞ்சு நாளா ஏழு, எட்டு, ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்க. மத்திகிரி பண்ணையில மாடு மேய்க்கற முனிவேலே அஞ்சு மைல் தாண்டல. நீங்க நாள் முழுக்க உக்காந்து டெர்லின் பேண்ட் தைக்கறவரு...

வஜிஹா: காலையில அஞ்சு மணிக்கே நடக்கக் கெளம்பிடறாரும்மா. நான்தான எழுந்து கதவைத் தாப்பா போடறன்.

ஜெபசீலி: அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கேட்டன்.

கரீம்: அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தன். எழுதிக்கிட்டு கிளினிக்குலேருந்து அனுப்பி விடுங்க. கடையில ஆளுங்க துணிக்கு நிப்பாங்க.

ஜெபசீலி: எனக்கு மட்டும் வேலை இல்லையா? அறுபது பேரு. யாரு எத்தனை மணி உக்காந்தாங்க, எத்தனை மணி நின்னாங்க, எவ்வளவு நடந்தாங்கன்னு வீடு வீடா போயி எழுதறன். நான் நடக்கறதை அளக்கத்தான் ஆளில்ல.

வஜிஹா: நீங்களும் ஒண்ணு மாட்டிக்கறதுதான.

ஜெபசீலி: மாட்டினா முள்ளே முறிஞ்சு போவும் அக்கா... சரி. சனிக்கிழமை பெங்களூர் டாக்டர் வராரு. உக்காந்தே வேலை செய்யறவங்க பட்டியல்ல உங்க பேரைப் போட்டிருக்காரு பாய். இதைப் பாத்தா ரொம்ப சந்தோசப்படுவாரு.

கரீம்: படட்டுமே.

ஜெபசீலி: படட்டும். ஆனா இப்பதான் உங்க சிறுநீரைக் காய்ச்சிப் பாத்தன். செங்கல் நெறம், சக்கரை ஏறிக் கெடக்கு. ரெண்டு வாரமா எட்டு மைல் நடக்கறவருக்கு சக்கரை கொஞ்சமாவது எறங்கியிருக்கணும்.

கரீம்: மாத்திரை சரியில்லையோ என்னமோ...

ஜெபசீலி: அந்த இடது செருப்பைக் கழட்டிக் குடுங்க.

கரீம்: செருப்பு எதுக்கு?

வஜிஹா: குடுங்களேன். நடக்கறதுக்குன்னே வாங்கினதுதான்மா. இந்தாங்க.

ஜெபசீலி: பாருங்க அக்கா. அடியில அச்சடிச்ச நம்பர்கூடத் தேயல. இந்தச் செருப்பா நூத்தி இருபது மைல் போச்சு?

வஜிஹா: ஏங்க?

கரீம்: நடக்கல சிஸ்டர். வீட்டுலேருந்து நேரா கடைக்குப் போயி உக்காந்துக்குவன்.

ஜெபசீலி: அப்ப முள்ளு எப்படி ஓடுச்சு? வேற யாருக்காவது மாட்டி விட்டீங்களா?

கரீம்: யாருக்கும் குடுக்கல. முட்டிக்கு மேல கட்டிக்கிட்டு மிஷின் மிதிச்சன். முட்டி ஏறி எறங்க, அது பாட்டுக்கு டிக்கு டிக்குன்னு எண்ணிக்கிட்டே போவுது. ஒரு பேண்ட்டுக்கு ஒரு மைலு.

ஜெபசீலி: பேண்ட்டுக்கு ஒரு மைலு...

வஜிஹா: சிரிக்காதீங்கம்மா.

ஜெபசீலி: சிரிக்கத் தெம்பு ஏது அக்கா. பதினஞ்சு நாள் தாளையும் கிழிச்சுட்டு முதல்லேருந்து எழுதணும். எந்த முட்டி பாய்?

கரீம்: இடது.

ஜெபசீலி: வலதுல ஏன் கட்டல? ரெண்டு காலாலயும்தான மிதிப்பீங்க.

கரீம்: இப்ப வலது காலால மிதிக்கறதில்ல.

ஜெபசீலி: எப்பலேருந்து?

கரீம்: விடுங்க சிஸ்டர்...

ஜெபசீலி: பாய், எப்பலேருந்து?

கரீம்: நோன்புப் பெருநாளுக்கு முன்னாலேருந்து. பெருநாள் துணி குவிஞ்சு கெடந்துச்சு. ஒடஞ்ச ஊசி ஒண்ணு கீழ இருந்திருக்கு. உள்ளங்கால்ல ஏறினதே எனக்குத் தெரியல. தரையில ரத்தத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டன்.

ஜெபசீலி: ரெண்டு மாசமாவா? வாரா வாரம் இங்க வந்து மாத்திரை வாங்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லல.

கரீம்: சொன்னா? சூளகிரி ஃபக்ருதீன் கட்டைவிரல்ல புண்ணுன்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. முழங்காலோட எடுத்துட்டாங்க. நான் காலை வச்சுத்தான சாப்புடறன்... பயந்துட்டன் சிஸ்டர். வேற ஒண்ணுமில்ல.

ஜெபசீலி: மறைச்சு வச்சாத்தான் பாய் அது முழங்கால் வரைக்கும் ஏறும். காலுறையைக் கழட்டுங்க, பாக்கறன்.

கரீம்: இருங்க... வஜிஹா, நீ செத்த நேரம் வெளிய நில்லு.

வஜிஹா: எதுக்கு?

கரீம்: நில்லுன்னா நில்லேன். சிஸ்டர், அவ இதைப் பாத்ததில்ல. ஓசூர் குளிருன்னு சொல்லி படுக்கறப்பவும் காலுறையோடதான் படுக்கறன். காதால கேட்டது போதும். கண்ணால பாத்தா தாங்க மாட்டா.

ஜெபசீலி: அக்கா, நீங்க வேணும்னா...

வஜிஹா: நான் எங்கயும் போவல. தெனம் நீங்க அசந்து தூங்கினதும் அந்தக் காலுறையைக் கழட்டி, வெந்நீர்ல புண்ணைத் தொடச்சு, திரும்ப மாட்டி விடறது நான்தான். காலை எடுத்துடுவாங்களேன்னுதான் நானும் வாயத் தொறக்கல. ஒருநாளாவது வலிக்குதுன்னு காலை இழுத்துக்க மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டே இருக்கன்... நீங்க இழுக்கவே இல்லைங்க.