ஒரு மூடி சோப்பு

அடிக்கொரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாலும் அன்பில் குறை வைக்காத சங்கத் தலைவர் அவர்களே! முதல் வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்களே! ஊரார் ஜன்னலையெல்லாம் துலக்கிவிட்டு உங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் மறந்துபோன தோழர்களே! கணவர் உயரத்தில் நிற்கும் நேரமெல்லாம் அடுப்படியில் கையையும் வாசலில் காதையும் வைத்திருந்த என் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சங்கக் கட்டடத்தின் பின்புறம், எல்லோருக்கும் பொதுவாக, ஜன்னல் கழுவும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு ஒன்றை நிறுவலாமா, வேண்டாமா? எனக்கு முன் பேசிய அண்ணன், "குழாய்ல தண்ணி இருக்கு, கடையில சோப்பு இருக்கு, கையில தெம்பு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். இதே கேள்வியை என் வீட்டுக்காரரும் கேட்டிருக்கிறார், இடுப்பில் கட்டோடு, மல்லாந்து படுத்தபடி.

அவரை உங்களுக்குத் தெரியும். பளிச்சண்ணன் என்றால் இந்தச் சபையில் தெரியாதவர் யார்? இருபத்திரண்டு வருடம் கண்ணாடி துடைத்த கை. மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவரேதான். நிமிருங்கள், உங்களைப் பற்றி நல்லதும் சொல்லப் போகிறேன்!

சென்ற ஆண்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி. ஈரத் தரையில் ஏணியின் கால் ஒரு சாண் நகர்ந்தது. ஒரு சாண்தான், தோழர்களே! அந்த ஒரு சாணுக்கு நான்கு மாதம் படுக்கை. எழுந்து நடந்தபோது மருத்துவர், "நடங்க, வேலைக்குப் போங்க, ஏணி மட்டும் வேண்டாம்" என்றார். இவர் பெரிதாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின் லட்சணம் எனக்குத் தெரியாதா? மறுவாரமே கொல்லையில் ஏணியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"தூசியா கிடக்கு. சும்மா துடைக்கிறேன்."

"சும்மா துடைக்கிற ஆளு எதுக்கு அதோட காலுக்குப் புது ரப்பர் மாட்டுறீங்க?"

அவர் ரப்பரை இன்னும் அழுத்தி மாட்டினார். அன்று நான் அழவில்லை. வேறு வழி தேடத் தொடங்கினேன். தரையில் நின்றபடியே நீண்ட கம்பின் நுனியில் பிரஷைக் கட்டி, அதன் வழியே தண்ணீர் பாய்ச்சி மாடி ஜன்னலைக் கழுவலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் யோசியுங்கள்: நாம் ஏன் ஏறுகிறோம்? கழுவுவதற்கா? இல்லை, துடைப்பதற்கு! ஏன் துடைக்கிறோம்? காய்ந்தால் புள்ளி விழும். ஏன் விழுகிறது? தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அதிலிருந்த உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. அந்த உப்பை முன்கூட்டியே எடுத்துவிட்டால்? துடைக்க வேண்டாம். துடைக்க வேண்டாம் என்றால் ஏற வேண்டாம். ஏற வேண்டாம் என்றால், தாய்மார்களே, விழவும் வேண்டாம்!

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடத்தில் அமைப்பை நிறுவினோம். சுவரில் மூன்று குழல்கள். முதலாவது மண்ணையும் துருவையும் பிடிக்கும். இரண்டாவதில் கரி, குழாய்த் தண்ணீரில் கலந்த குளோரின் மருந்தை அது வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் மூன்றாவதில் இருக்கும் மெல்லிய சவ்வு கெட்டுப்போகும். சவ்வு உப்பை வடிக்கும். அதற்கும் தப்பியதை, கடுகளவு மணிகள் நிறைந்த ஒரு புட்டி பிடித்துக்கொள்ளும். கடைசியில், வண்டியில் ஏற்றிக்கொண்டு போக இருநூறு லிட்டர் தொட்டி. பேனா அளவு மீட்டர் ஒன்றும் உண்டு; தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். குழாய்த் தண்ணீரில் முந்நூற்றுப் பத்து காட்டியது. புட்டியிலிருந்து விழுந்த தண்ணீரில் சைபர். சைபரைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரே ஒரு சுவர் கழுவுவோம். புள்ளியில்லாம காஞ்சா நான் கம்பைப் பிடிக்கிறேன். புள்ளி விழுந்தா ஏணியை எடுப்பேன், நீ தடுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

அதே பள்ளிக்கூடம். அதே சுவர். பன்னிரண்டு ஜன்னல்கள். கம்பை அவர்தான் பிடித்தார். கழுவினோம், காத்திருந்தோம். வெயில் ஏறியது, கண்ணாடி காய்ந்தது. பன்னிரண்டிலும் புள்ளி! மாவு தெளித்த மாதிரி புள்ளி!  வண்டியில் திரும்பும்போது நான் வடிகட்டி விற்றவரையும், அவர் கடையையும், அவர் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மீட்டரை எடுத்தேன். புட்டியின் வாயில் சைபர். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் பதினைந்து. சைபராக விழுகிற தண்ணீர் தொட்டிக்குள் பதினைந்தாக ஆவது எப்படி? குனிந்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை.

"நீங்க ஏதாவது போட்டீங்களா?"

"ஒரு மூடிதான்..."

"என்ன ஒரு மூடி?"

"சோப்பு."

தோழர்களே, எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டியே கொதித்திருக்க வேண்டும். "நான் தோத்துப் போகணும்னு பண்ணீங்களா? ஏணியில ஏறணும்னு பண்ணீங்களா?" என்று கத்தினேன்.

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ ஜெயிக்கணும்னுதான்மா போட்டேன். வெறும் தண்ணியில அழுக்குப் போகும்னு என்னால நம்பவே முடியல. எனக்கும் ஏற பயமா இருக்கு. இத்தனை வருஷத்துல உன்கிட்ட சொன்னதில்ல."

அதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. புள்ளி விழக்கூடாதே என்ற பயத்தில் புள்ளியைக் கலந்தவர் அவர். வேறு எந்தத் தொழில்காரர் இந்தத் தவறைச் செய்வார்? சோப்பை நம்பியே வாழ்ந்த நம்மைத் தவிர வேறு யார் செய்வார்?

என்ன கேட்கிறீர்கள் அண்ணா? சோப்பில்லாமல் அழுக்கு எப்படிப் போகும் என்றா? பிரஷ் தேய்த்துக் கிளப்பும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். ஜன்னல் சட்டத்தை முதலில் கழுவுங்கள், கண்ணாடியைக் கடைசியில் அலசுங்கள். அவ்வளவுதான் வித்தை!

தொட்டியைக் கொட்டினோம். குழாயையும் பிரஷையும் வாசனை போகும்வரை அலசினோம். புதிதாக நிரப்பி, மறுநாள் அதே சுவருக்குப் போனோம். கழுவி முடித்ததும் பன்னிரண்டு ஜன்னலும் சொட்டச் சொட்ட நின்றன. அவர் கை தன்னால் தோள் துணிக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கண்ணாடியை விட்டுவிட்டுச் சும்மா நிற்பதுபோல் கஷ்டமான வேலை நம் தொழிலில் வேறு உண்டா? நின்றோம்.  ஒவ்வொன்றாகக் காய்ந்தது. முதல் ஜன்னலில் புள்ளி இல்லை. ஆறாவதில் இல்லை. பன்னிரண்டாவதிலும் இல்லை! கண்ணாடிக்குள் வானம் தெரிந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணிக்கு அன்று கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

இன்று எங்கள் ஏணி கொல்லையில் படுத்திருக்கிறது. அதில் துணி உலர்த்துகிறோம்.

அருமைத் தோழர்களே! தனி ஒரு வீட்டில் இதை நிறுவ எல்லோராலும் முடியாது. சங்கம் நினைத்தால் முடியும். நான் வாதாட வரவில்லை. ஒவ்வொரு முறை நீங்கள் ஏறும்போதும் கீழே ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்ல வந்தேன். உங்கள் திறமையைக் குறைத்துப் பேச வரவில்லை. உங்களை முழுசாக வீட்டுக்கு வரச் சொல்ல வந்தேன்! பொது அமைப்பு வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

இதோ, மூன்றாவது வரிசையில் முதல் கை உயர்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்ல இருபத்திரண்டு வருடம் பிடித்த மனிதர், இன்று உங்கள் எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியிருக்கிறார். தலைவர் அவர்களே, எண்ணிக்கையை அங்கிருந்து தொடங்குங்கள்.

கடிகாரத்தைப் பார்த்தும் மணியடிக்காத தலைவருக்கும், குறுக்கே கேட்டு என்னைப் பேச வைத்த அண்ணனுக்கும், கடைசிவரை காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.