கையைத் தூக்கினா என்ன அர்த்தம்

தொட்டா கோலாம் சார், தொடலேன்னா கோல் இல்லையாம். இதெல்லாம் ஒரு விதியா... வலது கையைக் கொஞ்சம் மேல தூக்குங்க, அக்குள் சுத்தளவு பார்க்கணும். ம், அப்படியே இருங்க. பந்து உள்ள போனா கோல்னுதான் சார் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். எங்க அக்கா பொண்ணு ஃபுட்பால்ல கோல் கீப்பரா நிக்க ஆரம்பிச்சப்புறந்தான் தெரிஞ்சுது, ஃப்ரீ கிக்குல ரெண்டு தினுசு இருக்குன்னு.

ஒருத்தி இன்னொருத்தியைத் தள்ளிவிட்டா டைரக்ட். நேரா அடிச்சே கோல் போட்டுக்கலாம். யாரையும் இடிக்காம, ஆனா ஆபத்தா காலை வீசினா, அது இன்டைரக்ட். அதுல அடிச்ச பந்தை இன்னொரு ஆள் தொட்டு உள்ள போனாத்தான் கோல். யாருமே தொடாம நேரா போச்சுன்னா கோல் இல்ல, பந்து நமக்கு. அப்ப கீப்பர் என்ன செய்யணும்? சும்மா நிக்கணும். பிடிக்கப் போயி, விரல் பட்டு உள்ள போச்சுன்னா போச்சு. சும்மா நின்னா பொழைச்சோம். அதோ, அங்க காஜா போட்டுக்கிட்டிருக்காரே, அவரை கோல்ல நிறுத்தினா பிரமாதமா சும்மா நிப்பார்.

காலர் பட்டன் போடுவீங்களா? போடுங்க சார், உங்களுக்குக் கழுத்து இருக்கு. எல்லாருக்கும் அமையாது.

சரி, இது எந்த தினுசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெஃப்ரி கையைப் பார்க்கணும். ஒத்தக் கையை மேல தூக்கினா இன்டைரக்ட். இப்ப நீங்க நிக்கிறீங்களே, இதேதான். தூக்கலேன்னா டைரக்ட். மெஷின்ல உக்காந்தே மனப்பாடம் பண்ணிட்டேன். பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன், நீ பந்தைப் பாரு, கையை மாமா பார்த்துக்கிறேன்னு. அவளும் தலையாட்டினா.

போன வாரம் அரையிறுதி. ரெண்டு பக்கமும் சமம், கடைசி நிமிஷம், எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ கிக். நம்ம பிள்ளைங்க பந்துக்கு முன்னால சுவர் மாதிரி வரிசையா நிக்கணும். எவ்வளவு தள்ளி நிக்கணும்னு ஒரு அளவு இருக்கு, சின்னப் பிள்ளைங்கன்னா கொஞ்சம் கம்மி. அதை அந்த ரெஃப்ரி மனுஷன் நடந்து அளக்கிறாரு சார். நடந்து! அவருக்குப் பேண்ட் தைச்சவன் நான். அந்தக் கால் எவ்வளவு எட்டும்னு எனக்குத் தெரியாதா? "சார், ஒரு சாண் கூடுது, டேப் எங்கிட்ட இருக்கு, வரட்டுமா"ன்னு கோட்டுக்கு வெளிய நின்னு கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அளவுன்னா அளவு சார். யாரு யாரைத் தள்ளினாங்க, எதுக்கு விசில் ஊதினாருன்னெல்லாம் நான் எங்க பார்த்தேன்?

அப்பத்தான் அவர் கையைத் தூக்கினாரு. ஒத்தக் கை. நல்லா மேல.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே... "தொடாதே, விட்ரு"ன்னு கத்தினேன். பிள்ளை ஓரமா நகர்ந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னா. மாமா மேல அவ்வளவு நம்பிக்கை. பந்து உருண்டுதான் சார் வந்துது. ஒரு கோழி நின்னிருந்தாக்கூட தடுத்திருக்கும். கோல்னு விசில் ஊதிட்டாரு.

விடுவேனா? நேரா போய் நின்னேன். கையைத் தூக்கினீங்களேன்னேன். அவர் சொல்றாரு, "அது உங்களுக்குத் தூக்கினதுங்க. வாயை மூடுங்கன்னு."

அன்னியிலருந்து பிள்ளைக்கு எங்கிட்ட பேச்சு இல்ல. மாமான்னுகூட கிடையாது. நான் வீட்டுக்குப் போனா, "தையக்காரர் வந்திருக்காரு"ன்னு எங்க அக்காகிட்ட போய்ச் சொல்றா.

இன்னிக்கு சாயங்காலம் மூணாவது இடத்துக்கு ஆட்டம். அக்கா மூலமா சொல்லி அனுப்பியிருக்கா. வரலாமாம். ஆனா வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டுத்தான் வரணுமாம். அப்ப மட்டுந்தான் நான் பேசமாட்டேன்னு அவளுக்குத் தெரியும். ஆட்டம் முடியறவரைக்கும் ஊசி வாயிலயே இருந்தா, மறுபடியும் மாமாவாம்.

இருந்துருவேன் சார். இது என்ன பெரிய விஷயம்? இப்பவே பழகிக் காட்டறேன், பாருங்க. நாலு ஊசி போதும்.

ம்ம்.

ம்ம்... ம்ம்ம்ம்.

ம்ம்ம்... ப்தூ. கையை இறக்குங்கன்னு சொல்றேன் சார். அளவு எப்பவோ எடுத்தாச்சு. நீங்க ஏன் இன்னொரு கையையும் தூக்கறீங்க?